பின் இருக்கைக்குக் கீழே

தெப்ரா நகரில் லோஷினியின் கார் பட்டறைக்கு வேகக் கார் வைத்திருப்பவர்கள் தேடி வருவார்கள். பதினொரு வருடத்தில் அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவள் பயந்தாள்.

மதிவாணன் அன்று காலை தன் டர்போ காரைக் கொண்டுவந்தார். இரண்டு மாதத்துக்கு முன் அதன் எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பெரிய பம்ப் மாட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

"லாரிய முந்தறப்போ காடி அப்படியே செத்துப்போச்சு லா. பின்னால இன்னொரு லாரி. வீட்டுக்காரி கத்திட்டா."

கார் நிற்கும்போது பெட்ரோல் அழுத்தம் சரியாகவே இருந்தது. அவர் போனதும், அழுத்தமானியை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கெலாங் பாத்தா பக்கம் ஓட்டிப் பார்த்தாள். அழுத்தி மிதித்தாள். ஏற வேண்டிய முள் சரிந்தது. கார் குலுங்கித் துவண்டது. பின்னால் ஹாரன் அலறியது. எப்படியோ ஓரம் கட்டினாள்.

பட்டறைக்குத் திரும்பிப் பில்டரை மாற்றினாள். பயனில்லை. மின்சாரத்தை அளந்தாள். பேட்டரியில் பதினான்கு வோல்ட். பம்புக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்பதுதான். குழந்தை இருக்கையை இறக்கி வைத்துவிட்டு, பின் இருக்கையைத் தூக்கினாள்.

இருக்கைக்குக் கீழே பெட்ரோல் தொட்டியின் மூடிமேல், பம்புக்கு மின்சாரம் போகும் இணைப்பு உருகிக் கருகியிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. அடியில் நாற்பது லிட்டர் பெட்ரோல்.

அதிக மின்சாரம் இழுக்கும் பெரிய பம்புக்குப் பழைய மெல்லிய வயரையே விட்டிருந்தாள். மதிவாணன் அவசரப்படுத்தினார், அடுத்த வாரம் மாற்றலாம் என்று நினைத்தாள், மறந்தாள்.

வயரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. புது வயரைக் கையில் எடுத்தும்விட்டாள். அதைக் கீழே வைத்தாள். போனை எடுத்து மதிவாணனை அழைத்தாள்.

"அண்ணே, தப்பு என் மேல. பின் சீட்டுக்கடியில வயர் உருகியிருக்கு. தீப்பிடிச்சிருக்கும்."

"என் பொண்ணு அதுமேலதான் உட்காருவா," என்றார்.

"தெரியும்ண்ணே."

அவர் வந்து, கருகிய இணைப்பைப் பார்த்தார். குழந்தை இருக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். வேலை முடிந்ததும் காரை எடுக்க அவர் தம்பிதான் வந்தார். மதிவாணன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அதே பம்பை, பழைய வயரோடு, இன்னும் நாலு கார்களுக்கு மாட்டியிருந்தாள். அன்றே எல்லோரையும் அழைத்தாள்.

"இன்னிக்கே கொண்டாங்க. வேகமா ஓட்டாதீங்க."

மூன்று பேர் வந்தார்கள். பெக்கான் நானாஸ் என்ற ஊரிலிருந்த யுகேந்திரன் மட்டும் போனை எடுக்கவில்லை. ஏழு முறை அழைத்தாள். பிறகு வயரையும் கருவிகளையும் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் எதிரே வந்த ஒவ்வொரு காரிலும் புகை தெரிகிறதா என்று பார்த்தாள்.

யுகேந்திரன் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இவ்ளோ தூரம்?"

அவள் பதில் சொல்லாமல் பின் இருக்கையைத் தூக்கினாள். இணைப்பு சூட்டில் பழுப்பேறியிருந்தது, ஆனால் இன்னும் உருகவில்லை. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.