தெரியாது என்று சொன்ன நாள்

கடலுக்கடியில் எண்ணெய் தேடித் துளையிடும் கப்பலில் எனக்கு வேலை. விடுப்பில் பாறசாலைக்கு வந்தால், ஊராருக்கு நான் பூமிக்குள் பார்க்கத் தெரிந்த ஆள். இந்தக் கோடையில் கிணறுகள் வற்றியதும், பக்கத்து வீட்டார் கூட்டாகப் பணம் போட்டு போர்வெல் போட நினைத்தார்கள். தையல் வேலை செய்யும் சரோஜம் அக்கா மட்டும் தயங்கினார். அவர் முன்பு போட்ட போர்வெல்லில் புழுதிதான் வந்தது.

"எலே, நீ சொல்லு. தண்ணி உண்டா?" என்றார்.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். தலையாட்டினால் போதும். ஆனால் கப்பலில் அத்தனை கருவி வைத்துப் பார்த்தும் வெறுங்குழியாய்ப் போன துளைகள் நினைவுக்கு வந்தன.

"தெரியாதுக்கா. குத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"இதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று எதிர்வீட்டு மணியன் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "அன்னைக்கு எனக்குக் குச்சி பிடிச்சு நீரோட்டம் பாத்தவனும் உண்டுன்னான், போர் போடுற வண்டிக்காரனும் உண்டுன்னான். தெரியாதுன்னு சொன்னது இவன் ஒருத்தன் ஆக்கும். நானும் கூட்டுக்கு உண்டு."

போர்வெல் போட்டபோது, பேசி வைத்த ஆழம் வரை புழுதிதான் வந்தது. நான் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிட்டேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கு ஒளிஞ்சிருக்கே மக்கா? நீ பொய் ஒண்ணும் சொல்லலியே. வா, மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கு."

விடுப்பு முடிந்து கப்பலுக்குத் திரும்பிவிட்டேன். எண்ணெய்த் தேடலுக்குப் பணம் போட்டவர்கள் எண்ணெய் உண்டா என்று கேட்கும்போதெல்லாம் எங்கள் நிலவியலாளர், "உறுதியாகச் சொல்ல முடியாது" என்பார். முன்பு அதைக் கையாலாகாத பேச்சு என்று நினைப்பேன். இப்போது, அதைச் சொல்லிவிட்டு அவர் தனியாக நிற்கும்போது, பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.