திரும்பி வந்த சூட்கேஸ்

இன்று மாலை மகனுக்கு ஸ்கூல் பேக் வாங்க நல்லூரில் பைகள் விற்கும் ஒரு கடைக்குப் போயிருந்தேன்.

எங்கள் தெருவில் லண்டன் கடைகளுக்கு பனியன், டீ-ஷர்ட் தைத்து அனுப்பும் யூனிட் நடத்தும் பழனிசாமி அண்ணனும் அவர் மகள் கவிதாவும் பெரிய சூட்கேஸோடு உள்ளே வந்தார்கள். கவிதாவுக்கு லண்டனில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தவர் அண்ணன்.

"ஃப்ளைட் எப்பங்கண்ணா?" என்று ஆர்வமாகக் கேட்டுவிட்டேன்.

"போகலீங்க தம்பி. அங்கத்த கடையில யாவாரமே இல்லையாமா, நம்மகிட்ட வாங்கற பையர் ஆர்டரை நிறுத்திட்டான். யூனிட் பாதி நாள் பூட்டித்தான் கெடக்குது. புள்ளைய எப்படிங்க அனுப்பறது?"



அவர் கடைக்காரரிடம், "இங்க வாங்குனதுதானுங்க, ஒருக்காகூட தொறக்கலீங்க. மாத்திக் குடுப்பீங்களா?" என்றார்.

"அதுக்கென்னங்க. வேணுங்கறத எடுத்துக்க கண்ணு."

கவிதா ஒரு தோள்பையை எடுத்தாள். கோயமுத்தூரில் வேலைக்குச் சேரப்போகிறாளாம்.

"அடுத்த வருசம் போய்க்கறேன்ப்பா. காலேஜ் எங்க ஓடிப்போகுது?" என்று சிரித்தாள்.

அண்ணன் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

லண்டனில் யாரோ பழைய பனியனே போதும் என்று நினைத்தால், இங்கே ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடுகிறது.

லண்டனில் இருக்கும் நண்பர்களே, ஆளுக்கு ரெண்டு டீ-ஷர்ட் வாங்குங்களேன். என்ன சொல்கிறீர்கள்?