இடது காலுக்கு ஏற்ற எஞ்சின்

கடல் உள்ளே வந்த டிசம்பரில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் சிக்கி நின்றுவிட்டது. அதனால் வண்டி கிடைத்தது. எஞ்சின் போய்விட்டது. தண்ணீர் வடிந்து, வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்பது பழகிப்போன பிறகு, ஒரு நாள் அண்ணன் சிலிண்டரைக் கழற்றினான். பிஸ்டனுக்கு மேல் கருமணல் கெட்டிப்பட்டு உட்கார்ந்திருந்தது. கிராங்க் பெட்டிக்குள் உப்பு பூத்திருந்தது.

எங்களுடையது கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். அண்ணன் துறைமுகத்தில் ஃபைபர் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிதம்பரத்தில் மெக்கானிக்கல் படிக்க தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

வண்டி கடையில் அப்படியே வாங்கியதல்ல. சாலையில் ஓடிய பழைய இருநூற்றைம்பது சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்றை எண்பதுகளில் யாரோ மண்ணில் ஓட்டுவதற்காக மாற்றியிருந்தார்கள். மட்கார்டு உயரமாக இருந்தது. இரண்டு சைலன்சர்களும் சீட்டுக்குப் பக்கவாட்டில் மேலே ஏறிப் போயின. டயரில் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டு நிற்கும். அண்ணன் அதை ஓட்டுவது சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாற்று மணலில். மாசியில் தண்ணீர் வற்றியதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வந்து சேரும். காட்டுமன்னார்கோயிலிலிருந்து ரைஸ் மில்லில் வேலை செய்பவர், கம்மாபுரத்திலிருந்து லாரி ஓட்டுபவர், எல்லோரும் வருவார்கள். பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. மணலைக் கடந்து எதிர்க்கரை மேட்டில் ஏறிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா சொல்வாள்: "ஊர்ல அவனவன் வுழாம இருக்கணும்னு பாக்கறான். இவன் வுழறதுக்குன்னே ஆளு சேத்துக்கிட்டு சிதம்பரம் வரைக்கும் போறான்."

அவர்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. வண்டி மணலில் அணைந்துவிட்டால், அணைந்த இடத்திலேயே, ஓட்டுபவன் தன் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். வேறு எவருடைய கையாவது வண்டியில் பட்டால் அவனுக்கு அந்த வருடம் முடிந்தது. அடுத்த மாசிக்குத்தான் வரலாம்.

செத்துப்போன எஞ்சினுக்குப் பதிலாக மூன்றைத் தேடிப் பிடித்தோம். கொல்லையில் சாக்கு விரித்து வரிசையாக வைத்தோம். எனக்கு எதையும் எழுதி, கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க வரும். எடை, இழுவை, கிளட்ச், கிடைக்கும் உதிரிபாகம் என்று தலைப்புப் போட்டேன். முதலாவது நூறு சிசி. லேசானது, வேகமாகச் சுற்றும். இரண்டாவது நூற்றெழுபத்தைந்து; எதிலும் மோசமில்லை, கிளட்ச் மட்டும் வலுவில்லாதது. மூன்றாவது, திட்டக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்த இருநூற்றைம்பது. செத்துப்போனதன் அதே ரகம். தூக்க இரண்டு பேர் வேண்டும். உதைத்துக் கிளப்பும் கிக்கர் இடது பக்கம்.

அண்ணனின் கூட்டாளி, அவனோடு ஒரே படகில் வளர்ந்தவர், நூறு சிசியின் மேல் கையை வைத்தார்.

"இதப் போடு மச்சான். ஒதைக்கவே வேணாம். கையால அமுக்குனாலே கெளம்பிடும்."

"கையால அமுக்கற வண்டிய ஒம் பொண்டாட்டிக்கு வாங்கிக் குடு," என்றான் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தான். "இன்ஜினியரம்மா, நீ இன்னா சொல்ற?"

நான் மூன்றாவதைக் காட்டினேன். சின்ன எஞ்சினுக்குப் பலம் உச்ச வேகத்தில்தான் வரும். மணலில் அந்த வேகத்தைப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தால் சக்கரம் அங்கேயே சுற்றிக் குழி தோண்டிக்கொள்ளும். மணலுக்கு வேண்டியது மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கிற எஞ்சின். பிஸ்டன் நீளமாக ஏறி இறங்க வேண்டும். ஃப்ளைவீல் கனமாக இருக்க வேண்டும். பெரியதை உதைப்பது கஷ்டம் என்பதையும் எழுதியிருந்தேன். அண்ணனின் கால்கள் அப்போது படகைக் கரையேற்றித் தள்ளும் கால்கள். அதனால் அதை ஒரு குறையாக நான் கணக்கில் எடுக்கவில்லை.

டியூனிங்கை அவன் காதாலும் நான் பிளக்காலும் செய்தோம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை அராவி உயர்த்தினால் வேகம் வரும் என்று ஆற்றில் பலரும் சொன்னார்கள். அதனால் மெதுவாகச் சுற்றும்போது இழுக்கும் அடிப்பலம் போகும் என்று நான் விட்டுவிட்டேன். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்டோம். கார்புரேட்டர் ஜெட்டை ஒவ்வொன்றாக மாற்றி, மணலில் ஓட்டிவிட்டு உடனே அணைத்து, பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தைப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கருத்து ஈரமாக இருந்தால் அதிகம். காப்பிப்பொடி நிறம் வர வேண்டும். நான் பிளக்கைத் தொடுவதற்கு முன்பே அண்ணன் சொல்லிவிடுவான்: "பெட்ரோல் ஜாஸ்தி. துப்புது பாரு, ஒண்ணு வுட்டு ஒண்ணு அடிக்குது." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

மூன்று கோடைகள் அந்த எஞ்சின் மேட்டில் ஏறியது. வழியில் அணைந்தால் ஒரே உதை. கூட்டாளி கரையிலிருந்து கத்துவார்: "மெதுவா ஒதைடா, பூமி பொளந்துக்கப் போவுது!"

நான் படிப்பை முடித்துக் கடலூரிலேயே ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். அதற்கடுத்த மாசியில் அண்ணன் சொன்னான்: "கிக்கரு இறுகிப்போச்சுடி. எங்கயோ புடிக்குது."

எஞ்சின் இறுகினால் காரணங்கள் இவை: ரிங் ஒட்டியிருக்கலாம். பிஸ்டனில் கோடு விழுந்திருக்கலாம். கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். கிக்கர் ஸ்பிரிங் சிக்கியிருக்கலாம். கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன். ரிங் புதிதாகப் போட்டேன். பேரிங்கைக் கடல் காற்றின் மேல் பழி போட்டு மாற்றினேன். பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கம்ப்ரஷன் அளக்கும் கருவியைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து அளந்தேன். போன வருடம் காட்டியதையே காட்டியது. கடைசியில் சிலிண்டரைச் சிதம்பரத்தில் லேத் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இதுல இன்னாம்மா கொறை? எம் மாமியா மாதிரி கிண்ணுனு இருக்குது. இன்னும் முப்பது வருசம் நம்மள அழ வைக்கும்."

மறுபடி பூட்டினோம். அண்ணன் உதைத்தான். மூன்றாவது உதையில் கிளம்பியது. "பாரு, இன்னும் புடிக்குது," என்றான். நானும் அதை நம்பி மறுபடி பிரிக்க நாள் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் எதுவும் ஓடவில்லை என்றால் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்போம். ஆளைப் பார்க்கும் பழக்கம் இல்லை.

அந்தக் கோடையில் ஆற்று மணலில் நடந்து வரும்போது அண்ணனின் இடது செருப்பு கழன்றது. திரும்பி வந்து போட்டுக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் மறுபடி கழன்றது. "வாரு லூசு," என்றான். மறுநாள் புதுச் செருப்பு வாங்கினான். அதுவும் கழன்றது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். இடது கெண்டைக்கால் வலதைவிடச் சிறுத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் நூலை எடுத்து இரண்டு காலையும் சுற்றி அளந்தேன். "இன்னாடி, பேன்ட்டு தைக்கப் போறியா?" என்று சிரித்தான். இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நிறையப் பரிசோதனைகளுக்குப் பிறகு, தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றார்கள். இடது காலில் தொடங்கியிருக்கிறது, மற்ற இடங்களுக்கும் போகும் என்றார்கள். மருந்து உண்டா என்று கேட்டேன். டாக்டர் நேராகவே, "குணப்படுத்தறதுக்கு இல்லம்மா," என்றார். நான் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மீதியைக் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன், "அப்ப வண்டில ஒண்ணும் கொறை இல்ல," என்றான். பிறகு, "காலுக்கு ஏத்த மாரி அதக் கொறைக்க முடியுமா?" என்று கேட்டான்.

முடியும். அதன் பிறகு என் வேலை அதுதான். எஞ்சினுக்குப் பலம் சேர்க்கக் கற்றுக்கொண்டதை எல்லாம் பின்னோக்கிச் செய்தேன். உதைப்பதை லேசாக்கக் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும். சிலிண்டருக்கு அடியில் தடித்த பேக்கிங் வைப்பது சுலபமான வழி. ஆனால் சிலிண்டரோடு போர்ட்டுகளும் மேலே ஏறி, அடிப்பலம் இன்னும் அதிகமாகப் போகும். அதனால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் உட்குழியைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்தேன். நல்ல ஹெட்டைத் தொட மனம் வரவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டு, உப்பு அரித்த பழைய எஞ்சினின் ஹெட்டை லேத்தில் கடைந்து வாங்கினேன். உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடிக்காதபடி, பிளக்கில் பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினேன்.

அடுத்த வருடம் அதுவும் போதவில்லை. பழைய மொபெட்டுகளில் ஹெட்டின் மேல் சின்ன வால்வு ஒன்று இருக்கும். லீவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி எஞ்சின் அணையும். அதையே உதைக்கும்போது பிடித்தால் கால் லேசாக இறங்கும். அப்படி ஒரு வால்வை வாங்கிவந்து காட்டினேன்.

"மொபெட்டு சாமான என் வண்டில மாட்டப் போறியா?"

"மாட்டுனா ஒதைக்கலாம்ணா."

"ஆத்துல பாத்தானுங்கன்னா, பின்னாடி கூடை கட்டி மீன் வித்துட்டு வான்னுவானுங்க."

"விக்கறதுதானே. நம்ம தொழிலு."

அவன் மாட்டச் சொல்லிக் கையால் காட்டினான்.

அது வேலை செய்தது. ஆற்றில் ஒருவரும் கேலி செய்யவில்லை. அண்ணனுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

நான் கணக்கில் பார்த்திருந்ததை மணல் காட்டியது. ஒவ்வொரு முறையும் காலுக்காக எதையாவது தளர்த்தினால் இழுவை குறைகிறது. இழுவை குறைந்தால் வண்டி மணலில் அதிகம் அணைகிறது. அதிகம் அணைந்தால் அதிகம் உதைக்க வேண்டும். ஒரே உதையில் மேடேறிய எஞ்சினுக்குப் பாதி ஆற்றிலேயே நான்கைந்து உதை தேவைப்பட்டது. காலைக் காப்பாற்ற நான் செய்ததெல்லாம் காலுக்கே வேலை வைத்தது. இன்னும் தளர்த்தலாம், இன்னும் சின்ன ஜெட் போடலாம் என்று எழுதிக்கொண்டே போனேன். அவற்றில் எதுவும் இந்தச் சுற்றை உடைக்காது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசி முறை போனபோது வண்டி ஆற்றின் நடுவில் அணைந்தது. அண்ணன் வால்வு லீவரைப் பிடித்து உதைத்தான். கால் கிக்கரின் மேலிருந்து வழுக்கி மணலில் விழுந்தது. கையால் முழங்காலைத் தூக்கி மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது. சுற்றி ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூட்டாளி தன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மச்சான், நா ஒதைக்கறேன். நீ ஓட்டு."

"தொடாத."

"எவன்டா இப்ப ரூலு பேசறான்? யாரு பாக்கப் போறா?"

"நா பாக்கறன்ல," என்றான் அண்ணன்.

அவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். லாரி ஓட்டுபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "எனக்கு இந்த வருசம் முடிஞ்சிச்சு," என்றான் அண்ணன். பிறகு கரையிலிருந்த என்னைக் கூப்பிட்டான். கூட்டாளியும் லாரி ஓட்டுபவருமாக அவனை இறக்கினார்கள்.

"நீ ஒதை," என்றான்.

அத்தனை வருடங்களில் டியூனிங்கின்போது அவன்தான் உதைப்பான். நான் சீட்டில் சாய்ந்து, செருப்புக் காலால் கிக்கரை அழுத்தினேன். எதிர்ப்பே இல்லை. தையல் மெஷின் மிதிப்பதுபோல இறங்கியது. எஞ்சின் முதல் உதையிலேயே கிளம்பி, உள்ளீடில்லாத சத்தத்தோடு ஓடியது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தான்.

"இது வண்டியே இல்லடி. பழையபடி ஆக்கிடு."

அந்த வாரமே ஆக்கினேன். வால்வு இருந்த ஹெட்டைக் கழற்றிவிட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த நல்ல ஹெட்டைப் பூட்டினேன். டைமிங்கை முன்பிருந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய ஜெட்டைப் போட்டேன். அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தான். பிறகு அவை கையிலிருந்து நழுவத் தொடங்கியதால், எது வேண்டும் என்று மட்டும் சொன்னான். முடித்துவிட்டு நான் உதைத்துப் பார்த்தேன். என் முழு எடைக்கும் கிக்கர் பாதியில் நின்றது. "ஆங்," என்றான் அண்ணன்.

வண்டி அவன் கட்டிலுக்கு எதிரே தார்ப்பாய் போர்த்தி நின்றது. எங்கள் ஊர்க் காற்றில் எஞ்சினைத் திருப்பாமல் விட்டால் ரிங் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிளக்கை மறுபடி பூட்டி, தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கிக்கரை அழுத்துவேன். பிஸ்டன் மேலே ஏறும். உச்சிக்கு முன்னால் ஓரிடத்தில் காற்று அடைபட்டுக் கையைத் தடுக்கும்.

"இருக்கா?" என்பான் அண்ணன்.

"இருக்குண்ணா."

2012 கோடையில் வெள்ளாறு வழக்கம்போல வற்றியது. கூட்டாளி ஒருமுறை வந்து, ஆற்றுக்கு இப்போது யாரும் சரியாகப் போவதில்லை என்றார். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதற்குள் அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது. விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் கிக்கரை அழுத்திக் காற்று தடுக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு அவனைப் பார்ப்பேன். அவன் கண் என் கையின் மேல் இருக்கும்.

"இருக்கு," என்பேன், அவன் கேட்பதற்கு முன்பே.