அடைக்கலநாதனின் பெருவிரல்

"தண்ணி வைச்சாச்சோ?"

படலையைத் திறக்கும் முன்பே அடைக்கலநாதன் இப்படித்தான் குரல் கொடுப்பார். வணக்கம், சுகமா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. அடுப்பில் தண்ணீர் சூடாகிறது என்று உள்ளேயிருந்து யாராவது சொன்னால்தான் சைக்கிளை மதிலில் சாத்துவார். பதில் வரவில்லையென்றால், "வையுங்கோ, வையுங்கோ. படுத்திருக்கிற மனுசனைக் காக்க வைக்கக்கூடாது" என்று வீட்டுக்காரரை விரட்டத் தொடங்கிவிடுவார். வந்த விருந்தாளி வீட்டுக்காரரை விரட்டுகிறாரே என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் குளிப்பாட்ட வந்திருப்பது அந்த வீட்டுத் தகப்பனை. அந்த வேலைக்கு வீட்டில் ஒருவருக்கும் கை துணியாது.

அவருடைய வீடு பருத்தித்துறைக் கரையோரம். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளரைப் பார்க்கும் அற்றென்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் சந்தியில் நின்று அரசாங்கத்தைத் திட்டுவது வழக்கம். இவரும் திட்டுவார், ஆனால் யாருக்காவது முதுகு தேய்த்துக்கொண்டே திட்டுவார். காலையில் மாதா கோயிலில் முதற்பூசை கண்டுவிட்டு, கரியரில் பையைக் கட்டிக்கொண்டு உடுப்பிட்டிப் பக்கம் மிதிக்கிறார். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், வயது போய்ப் படுக்கையில் விழுந்தவர்கள் அங்கே அவருக்காகக் காத்திருக்கிறார்கள். அநேகமாக எல்லாம் சைவ வீடுகள். காசு வாங்குவதில்லை. வேலை முடிந்தபின் சீனி கூடப் போட்ட பிளேன்ரீ ஒன்று குடிப்பார், அவ்வளவுதான்.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் சிரிப்பார். வற்புறுத்தினால் ஒரு கதை சொல்லுவார். ஒரு பெரிய வியாழனன்று, பங்குச் சுவாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்குக்கு அவர்களில் ஒருவராக இவரையும் கூப்பிட்டார்களாம். சுவாமியின் கைக்கு அழுக்கான காலைக் கொடுப்பதா என்று, வீட்டிலேயே தும்பும் சவர்க்காரமும் போட்டுக் காலை உரஞ்சிக்கொண்டு போனார். கோயிலில் வாங்கில் இருந்தபடி குனிந்து பார்த்தால், மற்றவர்களின் கால்களும் அப்படியே மின்னுகின்றன. "கழுவின காலைத்தான் சுவாமி திருப்பிக் கழுவினவர். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு வெக்கமாப் போச்சு. கழுவாத கால் ஊரிலை எவ்வளவு கிடக்கு."

அவர் குளிப்பாட்டுவதைப் பார்க்க வேண்டும். ஆளைப் பாதி புரட்டி முதுகுக்குக் கீழே பொலித்தீன் விரிப்பைச் செருகுவார். மறுபக்கம் புரட்டி அதை இழுத்தெடுப்பார். ஓரங்களுக்கடியில் துவாய்களைச் சுருட்டி வைத்தால் விரிப்பு ஒரு வாய்க்கால் போலாகி, ஊற்றும் தண்ணீரெல்லாம் கால்மாட்டில் இருக்கும் வாளிக்குள் போய்விடும். மெத்தையில் ஒரு சொட்டு விழாது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்ப்பார். "இப்ப இடக்கை. தூக்கப்போறன், சரியோ?" என்று சொல்லாமல் எந்த உறுப்பையும் தொடமாட்டார். பேச்சு போனவர்களிடமும் கேட்பார், கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுத்திருப்பார். கண்ணிமை அசைந்தபின்தான் கை அசையும்.

ஆளின் இடுப்புச் சாரத்தை அவிழ்க்கும் நேரத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிச் சுவரிலுள்ள கலண்டரைப் பார்ப்பார். சும்மா பார்க்கமாட்டார், உரத்து வாசிப்பார். "ஆ, நாளைக்குப் பிரதோசம். வாற வெள்ளி சதுர்த்தி." இப்படி வாசித்து வாசித்தே, தன் கோயில் திருநாள்களைவிடச் சைவ விரதங்கள் அவருக்கு அத்துப்படியாகிவிட்டன. கழுத்துக் கயிற்றில் தொங்கும் மாதா படம் போட்ட உத்தரியத்தைக் குனியும்போது முதுகுப்பக்கம் எறிந்துவிடுவார். சைவ வீடு என்பதால் மறைக்கிறாரோ என்று ஒருவர் கேட்டார். "மறைக்கிறதுக்கில்லை. ஆளின்ரை மூக்கிலை தட்டும்."

மீன் இல்லாமல் சோறு இறங்காத கரையில் பிறந்தவர். ஆனால் இந்த வேலை முடிந்து வீடு திரும்பும் வரைக்கும் மீன் தொடமாட்டார். முதல்நாள் குழம்பு சட்டியில் மணக்க மணக்க, காலையில் வெறும் பாணையும் சம்பலையும் விழுங்கிவிட்டுப் போவார். அவருடைய மனைவி றெஜினா, "அவையள் என்ன மணந்தே பாக்கப்போகினம்?" என்று கேட்பார். "ஒண்டும் சொல்லமாட்டினம். அதாலைதான் நான் பாக்கவேணும்" என்பது இவர் பதில்.

இனி அவருடைய வலக்கைப் பெருவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்தில் படுக்கப் போகும்போது அவர்களின் நெற்றியில் சிலுவை போட்ட விரல் அது. ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும் கத்தோலிக்க நோயாளிகள் கேட்டால் அவர்களுக்கும் போடும். பாணை வெட்டமுன் பாணுக்குப் போடும், புதிய சைக்கிளுக்கும் போட்டது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கோயிலில் சனம் கூடினால், சுவாமிக்கு உதவியாக இவரும் சாம்பல் தட்டோடு நின்று வரிசையாக நெற்றிகளில் சாம்பற் சிலுவை போட்டுக்கொண்டே போவார். உடம்பின் மற்ற உறுப்புகள் அவர் சொல்வதைக் கேட்கும். இது மட்டும் சொல்லாமலே செய்யும்.

அதுதான் வினையாகப் போயிற்று.

உடுப்பிட்டியில் ஏரம்பு என்று ஒரு பெரியவர். வெங்காயமும் புகையிலையும் செய்தவர், பிள்ளையாருக்கு விளக்கு வைக்காமல் தோட்டத்தில் இறங்காதவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்ப் படுக்கையில் விழுந்தார். மகன் கஜானன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவான், துடைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடிவிடுவான். மருமகள் தக்சாயினி எல்லாம் பார்ப்பாள், மாமனாரைக் குளிப்பாட்ட மட்டும் கூச்சம். யாரோ சொல்லி அடைக்கலநாதன் வரத் தொடங்கினார். முதல் நாளே இடுப்பின் பின்புறம், நாரிக்குக் கீழே, படுத்த படுக்கையில் சிவந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, "இதைக் கவனிக்கவேணும் தம்பி. வாதம் ஆளைக் கொல்லாது, உது வெடிச்சால் கொல்லும். ஆஸ்பத்திரி வாட்டிலை எத்தினை பேரைப் பாத்தனான்" என்று எச்சரித்தார்.

குளிப்பு முடிந்ததும் தக்சாயினி வந்து மாமனாருக்குத் திருநீறு பூசுவது வழக்கம். ஒருநாள் அவள் திருநீற்றுத் தட்டோடு வரும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினாள். ஏரம்பு தட்டைப் பார்த்தார், பிறகு அடைக்கலநாதனைப் பார்த்தார். நீறு பூசாமல் ஒரு வாய் தண்ணீரும் குடிக்காத மனிதர். அந்தப் பார்வை புரிந்து, அடைக்கலநாதன் கையைத் தட்டில் வைத்தார்.

சாம்பல், நெற்றி, குனிந்து நிற்கிற தான். பெருவிரலுக்கு வேறென்ன தெரியும்? மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.

பால் தம்ளரோடு திரும்பி வந்த தக்சாயினி, மாமனாரின் நெற்றியில் வெள்ளைச் சிலுவையைக் கண்டாள். கத்தவில்லை. போனை எடுத்துப் புருசனைக் கூப்பிட்டாள். மண் ஒட்டிய காலோடு கஜானன் தோட்டத்திலிருந்து வந்து நின்றான். சில வருடங்களுக்கு முன் பால்மாப் பேணியும் துண்டுப்பிரசுரமுமாக யாரோ மதம் மாற்ற வந்து, அயல் வீடொன்றில் அண்ணன் தம்பியைப் பேச்சில்லாமல் ஆக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நினைப்பு அவனுக்கு.

"அண்ணை, நீங்கள் குளிப்பாட்ட வந்தனியளோ, வேதத்திலை சேக்க வந்தனியளோ? எங்கடை ஐயா வாய் திறந்து வேண்டாமெண்டு சொல்லமாட்டார் எண்டுதானே?"

அடைக்கலநாதனிடம் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, "பிழை என்ரை, தம்பி. கைப் பழக்கத்திலை போட்டுது" என்றார். தன் துவாயை நனைத்து, அந்த நெற்றியைத் துடைத்தார். பிறகு றெஜினாவிடம் சொல்லியிருக்கிறார், "என்ரை கையாலை சிலுவையை அழிக்கேக்கை நெஞ்சு திக்கெண்டுது. அழிக்காமல் வந்திருந்தால் அதைவிடத் திக்கெண்டிருக்கும்."

கதை கரைக்கும் வந்து சேர்ந்தது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, பங்குச் சபையில் இருக்கும் ஜெனிஸ் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். "அடைக்கலண்ணை, நல்ல வேலை செய்தனியள். எப்பிடியோ ஒரு நெத்தியிலை ஆண்டவற்றை அடையாளம் விழுந்திட்டுது." அடைக்கலநாதன் கோபப்பட்டதைக் கோயில் முற்றம் அன்றுதான் கண்டது.

"அது களவாப் போட்ட சிலுவையடா. கேளாமல் எடுத்தாலும் களவு, கேளாமல் குடுத்தாலும் களவு. அந்தாளாலை கையைத் தட்டிவிட ஏலாது. ஆண்டவர் அப்பிடி ஒருத்தற்றை வீட்டுக்குள்ளையும் பூரேல்லை."

அந்தச் சிலுவையைத் துடைத்த மறுநாளும் அவர் உடுப்பிட்டிக்குப் போயிருந்தார். கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாதென்று ஏரம்பு வீட்டுப் படலையைத் தொடவில்லை. றோட்டிலே சைக்கிளை நிறுத்தி, உள்ளே கேட்கும்படி கூப்பிட்டார். "தம்பீ, ஐயாவை இடப்பக்கம் திருப்பி விடுங்கோ. முதுகுக்குத் தலகணி வையுங்கோ. அந்த இடத்தை ஈரமா விடாதேங்கோ." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். எதிர்வீட்டுச் சீவரத்தினம் இந்தக் காட்சிக்காகவே தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்கத் தொடங்கினார். கஜானன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்தான்.

"அண்ணை, சனம் பாக்குது."

"பாக்கட்டும் தம்பி. நான் உள்ளுக்கு வரேல்லையே. டொக்டரிட்டைக் காட்டினனியளோ?"

காட்டியிருந்தார்கள். மருந்து கொடுத்து, சுத்தமாக வைத்திருங்கள், அடிக்கடி திருப்பிவிடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஏரம்பு இப்போது யாரையும் கிட்ட விடுவதில்லை. மகன் திருப்ப வந்தால் நல்ல கையால் தள்ளினார். முழுப்பலத்தையும் சேர்த்துத் தள்ளினார். துணி மாற்றும்போதெல்லாம் தக்சாயினி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். ஒருநாள் அது வெடித்திருந்தது.

அன்றும் வழமைபோல் அடைக்கலநாதன் றோட்டில் சைக்கிளை நிறுத்தினார். வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து தக்சாயினியின் குரல் வந்தது.

"அண்ணை, தண்ணி வைச்சாச்சு."

சைக்கிள் மதிலில் சாய்ந்தது, சரியாக நிற்கிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை. உள்ளே போய், "ஏரம்பண்ணை, நான்தான். இப்ப புரட்டப்போறன், சரியோ?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்தார். நல்ல கை எழும்பவில்லை. இமை அசைந்தது. புண்ணைப் பார்த்து, நெடுநேரம் பார்த்து, மூச்சை விட்டார். "தோல்தான் போயிருக்கு. ஆழமாப் போகேல்லை. ஆண்டவரே, தப்பிச்சம்." அவருடைய கண் நனைந்திருந்ததைத் தக்சாயினி கண்டாள். பிறகு வழக்கம்போல் வாய்க்கால் கட்டி, முழங்கையால் சூடு பார்த்து, வெங்காய விலையையும் அரசாங்கத்தையும் திட்டித் திட்டிக் குளிப்பாட்டி முடித்தார். கஜானன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

துடைத்து, மருந்து கட்டி, வெள்ளைச் சாரம் உடுத்தியாயிற்று. தக்சாயினி திருநீற்றுத் தட்டோடு வந்தாள். அடைக்கலநாதன் எழும்பி ஒதுங்கப் பார்த்தார். ஏரம்புவின் இடக்கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. மெல்ல இழுத்துத் தட்டுக்குக் கொண்டுபோயிற்று.

கஜானன் வாளிக்குள் பார்த்துக்கொண்டு, "பூசுங்கோ அண்ணை" என்றான்.

"பூசுறன் தம்பி. நீறு பூசேக்கை சொல்லுறதை மட்டும் இந்தப் பிள்ளை சொல்லட்டும். நான் சொன்னால் பொய்யாப் போடும். கை என்ரை, வாய் உங்கடை."

அடைக்கலநாதன் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினார். அது எழும்பாதபடி சின்னவிரலைக் குறுக்கே போட்டு இறுக்கிப் பிடித்தார். மற்ற மூன்று விரல்களையும் நீற்றில் தோய்த்து, ஏரம்புவின் நெற்றியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இழுத்தார். "சிவசிவா" என்றாள் தக்சாயினி. மார்பிலும் செயலற்ற வலக்கையிலும் இழுத்தார். ஒவ்வொரு முறையும் அவள் சொன்னாள்.

வேலை முடிந்தது. பிளேன்ரீயை இடக்கையால் வாங்கிக் குடித்தார். பையைக் கட்டி, ஒற்றைக் கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் படலையைத் தாண்டும் வரைக்கும், வலக்கைப் பெருவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கியிருந்தது.