பீர் மைதீன் பாய் அருவியிலிருந்து அழைத்து வந்த டாக்டர்

நான் பிறந்த கதையில் என் அப்பாவுக்குப் பெரிய வேஷம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று வேர்த்தார், அவ்வளவுதான். கதாநாயகர், இலஞ்சியில் குதிரைவண்டி ஓட்டிய பீர் மைதீன் பாய்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்போது கட்டில் இருந்தது, கம்பவுண்டர் இருந்தார், டாக்டர்தான் இல்லை. மாற்றலாகிப் போனவருக்குப் பதில் ஆள் வரவே இல்லை. எனக்கு மூத்தவன் ஒரு மாசி மாதத்தில், அந்த ஆஸ்பத்திரி வாசலில், பாயின் வண்டிக்குள்ளேயே பிறந்து மூச்சு விடாமல் போய்விட்டான். பாய் தேம்பித் தேம்பி அழுதாராம்.

அதற்குப் பிறகு, சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் வண்டியில் ஏறினால் "உத்தியோகம் என்னய்யா?" என்பதுதான் முதல் கேள்வி. வக்கீல், தாசில்தார் என்றால் பாய்க்குச் சப்பென்று போய்விடும். டாக்டர் என்றால் தங்கும் வீடு, குளிக்கும் அருவி, ஊர் திரும்பும் தேதி எல்லாவற்றையும் கறந்துவிடுவார்.

1958 ஆடியில் என் அம்மா முத்துவடிவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பேராச்சி தொட்டுப் பார்த்துக் கையை விரித்தாள்.

"பிள்ள குறுக்க கெடக்கு. என்னால ஆவாது."

அப்பா ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொன்னார். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தக் கட்டிலப் பாக்கவா போணும்? வெந்நி போட்டு வையும். நான் அருவிக்குப் போயிட்டு வாரேன்!"

"இவ வலியில துடிக்கா, இவருக்குக் குளிக்கணுமாம்" என்று பேராச்சி வைதாள்.

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் ஆண் போக முடியுமா? பாய் அருவிக்கு முதுகைக் காட்டி, குதிரையைப் பார்த்து நின்றுகொண்டு கத்தினார். "மதுர டாக்டரம்மா! இலஞ்சியில ஒரு பிள்ள வெளிய வரமாட்டேங்கு! ஓடி வாங்க!"

முந்தின நாள் அவர் வண்டியில் வந்த அந்த அம்மாள், தலையில் சீயக்காயோடு சொட்டச் சொட்ட வந்து ஏறினார். தங்கியிருந்த வீட்டில் மருந்துப் பையை எடுத்துக்கொண்டதும் வண்டி இலஞ்சிக்குப் பறந்தது. ஒரு மணி நேரம் போராடி என்னைத் திருப்பி எடுத்தார். என் அழுகை கேட்டதும் பாய் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாராம்.

மிச்சக் குளியலுக்கு டாக்டரம்மாவைத் திரும்பக் கொண்டுவிடும்போது பாய் மெல்லக் கேட்டாராம்.

"மாசி மாசமும் ஒருதடவ வரலாம்லா, அம்மா?"

"மாசியில அருவியில தண்ணி ஏது பாய்?"

"தண்ணி இருக்காதும்மா. பிள்ளைக பொறக்கும்லா."

அடுத்த மாசியில் டாக்டரம்மா வந்தார். அதற்கடுத்த மாசியிலும் வந்தார்.