நிபால்டோ போட்ட தையல்

தொங்கோய் என்ற கடற்கரை ஊரில் தெற்குக் காற்று வலுத்தால் மற்றப் பெண்கள் கொடித் துணியை அள்ள ஓடுவார்கள். எதெல்மிரா ஊசியில் நூல் கோப்பாள்.

அந்தக் காற்றுக்குத்தான் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே ஏறி வரும். கடல் பச்சையாகும். கண்ணுக்கு எட்டாத பொடிசுகள் கோடிக்கணக்கில் பெருகும். அவற்றைத் தின்ன நெத்திலி வரும். ஆய்வு நிலையத்தார் பொடிசுகளை வாரி எண்ணப் புனல் வடிவ வலையோடு படகேறுவார்கள். பனிப்புகை போல மெல்லிய அந்த வலைகளைத் தைப்பவள் எதெல்மிராதான்.

ஒருமுறை அந்தப் பொடிசு ஒன்றை அவளுக்கு நுண்ணோக்கியில் காட்டினார்கள். கண்ணாடி உடம்பு, நீள மீசை இரண்டு, வாலடியில் முட்டைப் பை. "ஐயோ, புள்ளத்தாச்சி!" என்று உருகிப்போனாள். அப்போது அவளும் நிறைமாதம்.

அந்தப் பிள்ளை யஸ்னாவுக்கு நாளை கல்யாணம். ஒதுக்கப்பட்ட பழைய வலையொன்றை எலுமிச்சையில் அலசி, வெயிலில் வெளுத்து, முக்காடாகத் தைத்து வைத்திருந்தாள் தாய்.

மகள் முகம் சுளித்தாள். "ஏம்மா, கடல் பூச்சி வடிகட்டுனதையா தலையில போட்டுக்கணும்? மாப்பிள்ளை வீட்டுல நெத்திலின்னு பேர் வச்சிருவாங்க!"

"வச்சா வைக்கட்டும். அந்தப் பூச்சியத் தின்னு நெத்திலி கொழுத்தாத்தானேடி அவங்க வீட்டு அடுப்பு எரியுது?"

"கொக்கிம்போ டவுன்ல லேஸ் முக்காடு வாடகைக்கு எடுத்தாச்சு. விடும்மா."

எதெல்மிரா வலை முக்காட்டை எடுத்தாள். மடித்து நாற்காலியில் வைத்தாள். பெண் தானாக ஆசைப்பட்டு வாங்கிக்கொள்வாள் என்று இத்தனை நாள் கனவு கண்ட மனம், பாவம்!

விடிந்ததும் அந்த நாற்காலியில் உட்காரப்போன யஸ்னா, வலையைக் கையில் எடுத்தவள் நின்றாள். ஓரத்தில் தூண்டில் நரம்பால் போட்ட முரட்டுத் தையல்.

"இது என்னம்மா கோணல்மாணலா? உன் கை தச்சதா?"

"உங்கப்பா தச்சது. நீ வயித்துல இருந்தப்ப எனக்குக் கை வீங்கிப்போச்சு. நான் தைக்கிறேன்னு உக்காந்தாரு. அந்தத் தையல் இடுக்கு வழியாப் பொடிசு எல்லாம் தப்பிச்சிரும்னு நிலையத்துல கழிச்சிட்டாங்க. நான் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

அப்பா நிபால்டோவைக் கடல் கொண்டபோது யஸ்னா தவழும் குழந்தை. அவர் கை பட்ட பொருள் என்று அவளிடம் எதுவுமே இல்லை.

"நேத்தே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா பரிதாபப்பட்டுப் போட்டிருப்பே."

யஸ்னா தாயின் மடியில் விழுந்து விம்மினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தையல் முன்னால வர்ற மாதிரி போட்டுவிடு" என்றாள்.

தேவாலயத்துக்கு நடக்கையில் கடலிலிருந்து மூடுபனி கவிந்து வந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி ஒட்டியது. அன்று நுண்ணோக்கியில் பார்த்த பொடிசுகளே திரண்டு வந்து மகளின் தலையில் ஏறிக்கொண்டது போலிருந்தது எதெல்மிராவுக்கு. நிபால்டோவின் தையலில் மட்டும் துளிகள் பெரிதாகத் திரண்டு தொங்கின.

"எத்தனை துளிம்மா இருக்கும்?"

"எண்ணாதே. நடடி, கண்ணு."