நொண்டி ராஜா பட்டத்துக்கு வந்த கதை

என் கதையில் வரும் ராஜா நொண்டுவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பைக்கிலிருந்து விழுந்த பிறகு அண்ணனுக்கும் வலது கால் கொஞ்சம் இழுக்கும்.

"ஏட்டி, என்னையத்தான எழுதுத?" என்று போனில் கேட்டான்.

பம்பாய்ப் பக்கம் வாஷியில் என் வீடு. அங்கிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், செல்போனில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறேன். மூன்று குன்றும் ஓர் ஏரியும்தான் ராஜ்யம். முதல் ராஜா சிறகுள்ள யாளியை அடக்கி நாட்டைப் பிடித்தவர். மகன் அதில் ஏறிப் பறந்தவர். பேரன்தான் நொண்டி ராஜா. அவன் காலத்தில் யாளிக்கு வயதாகி, அரண்மனைக்கு வெந்நீர் போட மட்டுமே உதவுகிறது.

தாராவியில் தாத்தா தொடங்கிய கடை அப்பாவுக்கு வந்து இப்போது அண்ணனிடம் இருக்கிறது. வம்சக் கணக்கு ஒத்துப்போவதில் அவனுக்கு முதல் சந்தேகம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதனாலேயே ஒரு சொல்லையும் விடமாட்டான்.

"ராஜா டீய சாசர்ல ஊத்திக் குடிக்கான். கடைல நான் குடிக்கதப் பாத்துத்தான எழுதிருக்க?"

பம்பாயில் பாதிப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை. ராணி குறட்டை விட்டதற்குக் கொஞ்ச நாள் பேசாமலே இருந்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சரியான சந்தேகப் பிராணி.

நான் மராத்திக்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போகத் துடித்தேன். "வராத. ஒன்னப் பாத்தா அவருக்கு பிரஷர் ஏறும்" என்று அண்ணன் தடுத்துவிட்டான். மன்னிக்காமலே போய்ச் சேர்ந்தாரே என்ற கசப்பு எனக்கு இன்றும் இருக்கிறது.

கதையிலாவது வேறு மாதிரி நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நொண்டி ராஜா பட்டத்துக்கு வந்த அத்தியாயத்தில், சாகக் கிடக்கும் கிழ ராஜா, படகோட்டியைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போன மகளைக் கூப்பிடச் சொல்கிறார். இளவரசனோ ஆளே அனுப்பாமல், ஏரியில் புயல் என்று பொய் சொல்லிவிடுகிறான். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டுமே என்று எழுதியதுதான்.

அதை வாசித்து முடித்ததும் அண்ணன் நேரே வாஷிக்கு வந்துவிட்டான். கடையை விட்டு அசையாதவன். காலைப் பற்றியோ டீயைப் பற்றியோ பேச்சே இல்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"என்னத்த?"

"அப்பா ஒன்னக் கேட்டத. ரூம்ல நானும் அவரும்தான இருந்தோம். நர்ஸ் சொன்னாளா?"

எல்லாம் என் கற்பனை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"எத்தன தடவ கேட்டாருண்ணே?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"பேச்சு நிக்குத வரைக்கும் கேட்டாரு" என்றான்.